எண்ணிக்கையில் எது முதல்?

உயர்தரப் பரீட்சை முடிவடைந்து பெறுபேறுகள் வெளிவரும் வரையுள்ள இடைக்காலம், கல்முனைக் கரையோரத்து இல்லங்களில் ஆலோசனைக் காலமாகும். பிள்ளையை எந்த வகுப்பிற் சேர்ப்பது என்னும் பேச்சு காலைத் தேநீரோடு தொடங்கி இரவு உணவோடும் முடிவதில்லை. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், கணினி கற்க விரும்பும் மாணவரின் வாயில் வரும் முதற் கேள்வி ஒன்றே: "இப்போது முதலிடத்தில் நிற்கும் மொழி எது?" பைதன் என்பார் ஒருவர். ஜாவாஸ்கிரிப்ட் என்பார் இன்னொருவர். ஜாவா தெரியாதவனுக்குக் கொழும்பில் வேலை ஏது என்று மூன்றாமவர் முடிவு கட்டிவிடுவார். மூவரும் தத்தம் கூற்றுக்கு ஆதாரமாக ஒவ்வொரு பட்டியலைக் காட்டுவர். வேடிக்கை யாதெனில், அப்பட்டியல்களுள் எதுவும் பொய்யாக இராது என்பதே.

இது வெறும் வாய்ப்பேச்சாயின் நாம் இவ்வாரம் இதனை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். வகுப்புக்குக் கட்டும் பணம், வாப்பா கடல் கடந்து சென்று உழைத்து அனுப்பியதாக இருக்கலாம். உம்மாவின் கைக்காப்பை அடகு வைத்துப் பெற்றதாகவும் இருக்கலாம். பணத்திலும் பெரிது பிள்ளையின் வயது. பதினெட்டாம் வயதிற் செலவிட்ட இரண்டாண்டுகளை எந்த அடகுக் கடையிலிருந்தும் மீட்டெடுக்க இயலாது. ஆகவே, இப்பட்டியல்கள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதனைச் சற்று நிதானமாக ஆராய்வது பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன் தரும் என நம்புகின்றோம்.

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி செய்நிரல் எனப்படும். அதனை எழுதுவதற்கென வகுக்கப்பட்ட சொற்களும் இலக்கணமுமே செய்நிரல் மொழி. 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் விஞ்ஞானக் கணக்குகளுக்காகப் 'போர்ட்ரான்' மொழியை வெளியிட்டனர். அடுத்த சில ஆண்டுகளுள் வணிகக் கணக்குகளுக்கெனக் 'கோபோல்' தோன்றியது. 1970இல் சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாவுஸ் வேர்த், மாணவருக்குக் கற்பிப்பதற்காகப் 'பஸ்கால்' மொழியை அமைத்தார். 1972 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி 'சி' மொழியை உருவாக்கினார். 1991இல் நெதர்லாந்தைச் சேர்ந்த குவிடோ வான் ரொஸ்ஸம் பைதனை வெளியிட்டார். 1995ஆம் ஆண்டிலோ ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. என்னும் மூன்றும் உலகுக்கு அறிமுகமாயின. ஒவ்வொன்றும் ஒரு தேவையின் பொருட்டுப் பிறந்தது என்பதனை இங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

எண்ணுவோர் பலர், எண்ணப்படுவன பல

நம் பகுதியின் முஸ்லிம் இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே பேசுவது தமிழ், ஓதுவது அறபு, அம்பாறைக் கச்சேரிக்குச் சென்றால் கைகொடுப்பது சிங்களம், பல்கலைக்கழகம் செல்லும் மகளின் பாடநூல்கள் ஆங்கிலம். இவ்வில்லத்தின் முதன்மை மொழி எது என்று நால்வரிடம் கேட்போமாயின் என்ன விடை கிடைக்கும்? காலை முதல் இரவு வரை பேசப்பட்ட சொற்களை எண்ணியவர் தமிழ் என்பார். அலமாரியிலுள்ள நூல்களை எண்ணியவர் ஆங்கிலம் என்பார். அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களை எண்ணியவர் சிங்களம் என்று கூறக்கூடும். உள்ளத்தில் உயர்ந்த மதிப்பு எதற்கு என்று வினவியவருக்கு அறபு என்னும் விடை கிடைக்கும். நால்வரும் மெய்யே கூறினர். அவர்கள் எண்ணியவைதாம் வேறு வேறு.

செய்நிரல் மொழிகளின் தரவரிசைகளும் இத்தகையனவே. நெதர்லாந்திலுள்ள டியோபி என்னும் நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் ஒரு பட்டியல் வெளியிட்டு வருகின்றது. கூகிள் போன்ற தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயரை இட்டால் எத்தனை பக்கங்கள் அகப்படுகின்றன என்பதே அதன் கணக்கு. எத்தனை பேர் அம்மொழியில் எழுதுகின்றனர் என்பதனை அது எண்ணவில்லை. அதன் பெயர் எத்தனை இடங்களில் அடிபடுகின்றது என்பதனையே எண்ணுகின்றது.

'பிப்பில்' என வழங்கும் இன்னொரு பட்டியல், ஒரு மொழியைக் கற்பிக்கும் பாடங்களை மக்கள் கூகிளில் எவ்வளவு தேடுகின்றனர் என்று பார்க்கின்றது. இதிலே கற்கத் தொடங்குவோரின் ஆவல் தெரியும். இருபது ஆண்டுகளாக அம்மொழியில் வேலை செய்பவர் அதன் முதற்பாடத்தைத் தேடப் போவதில்லை. ஆகவே அவர் இக்கணக்கிலே இல்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2011 முதல் ஆண்டுதோறும் செய்நிரலாளரை நேரே வினவுகின்றது. 2024இல் 65,000க்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அவருள் மூன்றில் இரு பங்குக்குச் சற்றுக் குறைந்தோர் ஜாவாஸ்கிரிப்டைப் பயன்படுத்துவதாகக் கூறினர்; பாதிப் பேரளவில் பைதனைக் கூறினர். ஒருவர் பல மொழிகளைக் கூறலாம் என்பதால் இக்கூட்டுத்தொகை நூற்றினைத் தாண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'பயன்படுத்திய பின்னரும் தொடர்ந்து விரும்புவது எது?' என்று அதே கணிப்பிற் கேட்டபோது, 2016 முதல் ஆண்டுதோறும் முன்நின்றது 'ரஸ்ட்' என்னும் மொழி. ஆயினும் அதனைப் பயன்படுத்தியதாகக் கூறியோர் 2024இலும் எட்டில் ஒரு பங்கினர் அளவே. விரும்பப்படுவது ஒன்று, அன்றாடம் சோறு போடுவது வேறொன்று.

கிட்ஹப் என்பது உலகின் செய்நிரலாளர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் பெருங் களஞ்சியம். அங்கு வந்து சேர்வனவற்றை அது எண்ணுகின்றது. தம் கணினிக் கூடத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டுள்ள வங்கிகளின் பழைய கோபோல் செய்நிரல்கள் அக்கணக்கில் ஏறுவதில்லை. ஆயினும் உலகின் பல வங்கிகளில் அன்றாடக் கணக்கு இன்றும் அவற்றினால் நடைபெறுகின்றது.

ஏறுவதும் இறங்குவதும்

எண்ணும் முறை மாறினால் எண்ணிக்கை மாறும் என்பதற்கு நல்ல சான்று ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டில் கூகிள் தன் தேடல் முறையைத் துப்புரவு செய்தது. முறைகேடாக முன்னுக்கு வந்திருந்த தளங்களை அகற்றியது. உடனே டியோபி பட்டியலில் ஜாவாவும் சி++ மொழியும் பெரும் வீழ்ச்சி கண்டன. அம்மாதத்தில் உலகெங்கும் ஜாவா எழுதுவோர் எவரும் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை. அலுவலகங்கள் வழமைபோல் இயங்கின. வீழ்ந்தது அளவுகோலின் எண் மாத்திரமே. இந்நிகழ்வின் பின்னரே ஒரு தேடுபொறியை மட்டும் நம்பாது பலவற்றையும் சேர்த்து எண்ணும் வழக்கத்தை அந்நிறுவனம் மேற்கொண்டது.

மெய்யான மாற்றங்களும் நிகழ்கின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பட்டியலின் முதலிடத்தை ஜாவாவும் சியும் தமக்குள்ளேயே பகிர்ந்துகொண்டிருந்தன. 2021 ஒக்டோபரில் பைதன் அவ்விரண்டையும் கடந்து முதலிடத்துக்கு வந்தது. அப்போது அதற்கு வயது முப்பது. 2001இல் முதலிடத்தை மட்டும் நோக்கிய மாணவர் எவரும் பைதனைத் தெரிவு செய்திருக்கமாட்டார். அதன் ஏற்றத்துக்குக் காரணம், தரவுகளை ஆராய்வோரும் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளரும் அதனைத் தம் கருவியாக ஏற்றுக்கொண்டமையாகும். வேலை வந்தது, வேலையின் பின்னே புகழும் வந்தது.

கிட்ஹப்பின் கணக்கு இதனினும் விரைவாக மாறியது. 2024இல் பைதன் ஜாவாஸ்கிரிப்டை முந்திவிட்டதாக அது அறிவித்தது. 2025 ஆகஸ்டிலோ 'டைப்ஸ்கிரிப்ட்' இரண்டையும் முந்திற்று. ஓராண்டுக்குள் முதலிடம் கைமாறிவிட்டது! மூன்றாண்டு நான்காண்டுப் பட்டப்படிப்பில் இறங்கும் மாணவர், நுழையும்போது முதலிடத்தில் இருந்ததை வெளிவரும்போதும் அங்கே காண்பார் என்பதற்கு உறுதி யாது? எனினும் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. டைப்ஸ்கிரிப்ட் என்பது 2012இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் ஜாவாஸ்கிரிப்டின் மீது கட்டியெழுப்பிய மாடியே. கீழ்வீட்டைச் செம்மையாக அறிந்தவருக்கு மேல்மாடிக்கு ஏறுவது பெருஞ் சிரமமன்று.

கடல் பொங்கிய பின்னர்

பட்டியல்களை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்கே நினைவுகூர்வோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதியை இக்கரையோரத்தார் மறந்திலர். இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; இறந்தோர் 10,000க்கும் மேற்பட்டவர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் அன்று கண்ட துயரைச் சொல்லில் வடிக்க இயலாது. யார் இறந்தார், யார் காணாமற் போனார், எந்த முகாமில் யார் தங்கியுள்ளார், எங்கே எப்பொருள் தேவை என்னும் கேள்விகள் நாடெங்கும் எழுந்தன. தாள்களில் எழுதிய பெயர்ப்பட்டியல்களால் அப்பெருந்தொகையைத் தாங்க முடியவில்லை.

அவ்வேளை நம் நாட்டின் கணினி வல்லுநர் பலர் தொண்டர்களாக ஒன்றுகூடி, இரவு பகலாக உழைத்து ஒரு செய்நிரல் தொகுதியை உருவாக்கினர். நிவாரணம் என்னும் பொருள் தரும் சிங்களச் சொல்லால் அதற்குச் 'சஹன' எனப் பெயரிட்டனர். காணாமற் போனோரைப் பதிவு செய்தல், முகாம்களைக் கணக்கிடல், உதவி நிறுவனங்களை ஒருங்கிணைத்தல், தேவைகளையும் உதவிகளையும் பொருத்துதல் ஆகியன அதன் பணிகள். கொழும்பில் அரசு அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது பயன்பட்டது. பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், அதனை அடுத்துப் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் அது துணை நின்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டு விருதும் 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது.

அது எந்த மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? பி.எச்.பி. என்னும் மொழியில். கற்றோர் கூட்டத்திற் பலர் இன்று ஏளனமாகப் பேசும் மொழி அது. டியோபி பட்டியலின் முதற் பத்திலிருந்து அது 2024இல் கீழே இறங்கிவிட்டது. அதன் காலம் முடிந்தது என்று கூறுவோரும் உளர். ஆனால் இணையத்தளங்கள் எவற்றால் இயங்குகின்றன என்று ஆராயும் 'டபிள்யூ3டெக்ஸ்' என்பாரின் கணக்கை நோக்கினால், மொழி இன்னதென்று அறியப்பட்ட தளங்களுள் நாலில் மூன்று பங்களவில் இன்றும் பி.எச்.பி.யே காணப்படுகின்றது. ஒரே மொழி; ஒரு கணக்கில் வீழ்ந்து கிடக்கின்றது, மறு கணக்கில் அரசு செலுத்துகின்றது.

பின்னாளில் அதே சஹனவின் புதிய வடிவம் பைதனில் எழுதப்பட்டு, 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போது பணியாற்றியது. மொழி மாறிற்று, நோக்கம் மாறவில்லை. தன் பிள்ளையின் பெயர் ஏதேனும் முகாம்ப் பதிவில் உள்ளதா என்று தேடும் தாய்க்கு, அப்பதிவு எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது பொருட்டன்று. அது அன்று இயங்கியதா என்பதே பொருட்டு.

நூலும் நெசவும்

மருதமுனையின் கைத்தறிப் புகழை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கே தறியில் அமரும் ஒருவர், பாவோடுதலையும் ஊடு நூலின் ஒழுங்கையும் முறையாகக் கற்றுவிட்டாராயின், இன்று சாரம் நெய்வார், நாளை சேலை நெய்வார். நூலின் நிறம் மாறியதென்று அவர் தொழிலைப் புதிதாகக் கற்பதில்லை. கணினிச் செய்நிரலின் முன்னோடிகளுள் ஒன்று தறியே என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்ட் என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியின் பூவேலையைக் கட்டுப்படுத்தினார். எந்த நூல் உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்பதனை அட்டையின் துளைகள் கட்டளையிட்டன. 1830களில் இங்கிலாந்தின் சார்ல்ஸ் பபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பு இயந்திரத்துக்கு இவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார்.

செய்நிரலிலும் நெசவு ஒன்று, நூல் வேறு. ஒரு பெரிய சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்தல், நிபந்தனை அமைத்தல், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வித்தல், தரவுகளை ஒழுங்குபட அடுக்கி வைத்தல், பிழையைத் தேடிக் கண்டு திருத்துதல் ஆகிய இவையே நெசவு. இவை எல்லா மொழிக்கும் பொது. நம் பாடசாலைகளில் சாதாரண தரத்து மாணவருக்குப் பஸ்காலும் உயர்தரத்து மாணவருக்குப் பைதனும் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. பஸ்காலைப் படித்தது வீண் என்று உயர்தர வகுப்பில் முணுமுணுக்கும் மாணவர் உண்டு. அவர்கள் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. பஸ்காலில் நிபந்தனையையும் சுழற்சியையும் விளங்கிக்கொண்டவர் பைதனில் அவற்றை மீண்டும் கற்கவில்லை. எழுத்துருவை மாத்திரமே மாற்றிக்கொண்டார்.

நம் நாட்டிலேயே ஒரு மொழி பிறந்ததும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இலங்கையில் வேரூன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தார் 2017இல் 'பாலரீனா' என்னும் மொழியை அறிமுகஞ் செய்து, 2019இல் அதன் முதல் முழு வெளியீட்டைத் தந்தனர். வெவ்வேறு கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதே அதன் நோக்கம். உலகத் தரவரிசைகளின் உச்சியில் அதன் பெயர் இல்லை. ஆயினும் ஒரு மொழியைக் கற்பதோடு நில்லாமல் அதனை ஆக்குவதற்கும் நம்மவரால் இயலும் என்பதனை அது காட்டிற்று. புகழ் அளக்கும் கோலில் இதற்கு இடமில்லை என்பதற்காக இதன் பெறுமதி குறைந்துவிடுமா?

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பட்டியல்களே வேண்டா என்று நாம் கூறவில்லை. எண்களை அறவே தள்ளுவதும் அறிவுடைமையன்று. எவரும் பயன்படுத்தாத மொழியைக் கற்றால் ஐயம் கேட்க ஆளில்லை; கற்க நூலில்லை; வேலை தருவாருமில்லை. பெரும்பான்மையோர் செல்லும் வழியில் நிழலும் நீரும் இருக்கும் என்பது உண்மையே. பட்டியலின் முதற் பத்துக்குள் உள்ள எம்மொழியும் அத்தகைய வழிதான். அவற்றுள் முதலாவதற்கும் நான்காவதற்கும் இடையேயுள்ள வேற்றுமை, ஒரு குடும்பத்தின் சேமிப்பைப் பணயம் வைக்கத் தக்கதன்று என்பதே நம் கருத்து.

ஆகவே, எவரேனும் ஒரு பட்டியலைக் காட்டினால், அதில் எதை எண்ணினார்கள் என்று முதலிற் கேளுங்கள். அடுத்து, பிள்ளை எவ்வேலைக்கு விரும்புகிறார் என்று பாருங்கள். இணையத்தளம் அமைப்பவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் இன்றியமையாதது. தரவு ஆராய்பவருக்குப் பைதன் உதவும். பெரு நிறுவனங்களின் அமைப்புகளில் ஜாவா இன்றும் வலுவாக நிற்கின்றது. சிறு கருவிகளின் உள்ளே இயங்கும் செய்நிரலுக்குச் சி மொழியே பெரிதும் ஆளப்படுகின்றது.

மாணவர்கள் தாமே ஒரு கணக்கெடுப்பையும் நடத்தலாம். நம் நாட்டில் வெளியாகும் கணினி வேலை விளம்பரங்களை ஒரு மாத காலம் தொகுத்து, எந்த மொழி எத்தனை முறை கேட்கப்படுகின்றது என்று கொப்பியில் கோடிட்டு வாருங்கள். மொழியின் பெயருக்கு அப்பால் வேறென்ன கேட்கப்படுகின்றது என்பதனையும் ஓரத்திற் குறித்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் எடுத்த கணக்கைவிட, கொழும்பிலோ கல்முனையிலோ வேலை தேடுபவருக்கு இக்கணக்கே அதிகம் பயன்படும். அதில் எதை எண்ணினோம் என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வகுப்பிற் பணம் கட்டுமுன், அங்கு முன்னர் கற்ற மாணவர் என்ன செய்து முடித்தனர் என்று வினவுங்கள். சான்றிதழைக் காட்டுவோரிடம், இயங்கும் செய்நிரல் ஒன்றைக் காட்டும்படி கேளுங்கள். ஒரு மீன் வாடியின் வரவு செலவுக் கணக்கோ, ஒரு நெசவுக் கூடத்தின் இருப்புப் பதிவோ, ஒரு பாடசாலை நூலகத்தின் பட்டியலோ, சிறியதாயினும் முழுமையாக இயங்குவதாக ஒன்றை மாணவர் தம் கையால் ஆக்கியிருப்பாராயின், அவ்வகுப்பில் நெசவு கற்பிக்கப்படுகின்றது என நம்பலாம்.

1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. அங்கு இடங் கிடையாதவருக்கு, 2000ஆம் ஆண்டு முதல் கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்தி வரும் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டமும் உண்டு. பட்டங்களின் பெயரைக் கவனியுங்கள். அவற்றில் எந்தச் செய்நிரல் மொழியின் பெயரும் இல்லை.

இன்று இயந்திரமே செய்நிரல் எழுதித் தருகின்றதே, இனி மொழி எதற்கு என்று கேட்போரும் உளர். 2022 இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுப்பப்படும் கேள்விகள் பெரிதும் குறைந்துவிட்டன. மக்கள் இயந்திரத்திடமே ஐயம் கேட்கின்றனர். கேள்விகளை எண்ணிப் புகழ் அளந்தவரின் கோலும் இதனால் தளர்ந்துவிட்டது. ஆனால் இயந்திரம் எழுதித் தந்ததில் பிழை எங்குள்ளது என்று கண்டுபிடிக்க, ஒரு மொழியையேனும் ஆழக் கற்றவர் வேண்டும். பத்து மொழிகளின் பெயரை அறிந்தவரால் அது ஆகாது.

எனவே மாணவர்களே, பயனுள்ள மொழிகளுள் ஒன்றைத் தெரிந்து, ஈராண்டுகள் அதனோடு பொறுமையாக உழையுங்கள். இடையிலே பட்டியல் மாறும். பக்கத்து வகுப்பார் வேறொரு பெயரைக் கூறி அழைப்பர். தொடங்கியதை முடித்துவிட்டு அவர்களுக்கு விடை கூறுங்கள். இரண்டாவது மொழி அப்போது சில மாதங்களில் வசப்படும்.